நுகர்வுக் கடனும் நாமும்



கடந்த மாதம் தருமபுரம் பக்கமாக நடைபெற்ற மாதர் சங்கக் கூட்டமொன்றில் 'நுகர்வுக் கடன்' என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "அதென்ன பிள்ளை, புதுக் கடனோ? எங்கை குடுக்கினம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்தாலும் அவருடைய கேள்வி நியாயமானதே. புத்தகத்தில் உள்ள பெயர் வேறு, எங்கள் வீட்டுக்குள் அது வரும்போது அதற்குள்ள பெயர் வேறு.

ஒரு தொழிலுக்காகவோ பயிர்ச்செய்கைக்காகவோ அன்றி, வீட்டுப் பாவனைக்குத் தேவையான பொருளையோ சேவையையோ இன்றைக்குப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய பணத்தைப் பின்னர் செலுத்துவதே நுகர்வுக் கடன் ஆகும். சந்திக் கடையில் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்குவது நுகர்வுக் கடன். தோட்டை அடகு வைத்துப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவதும், தவணைக்குத் தொலைக்காட்சி எடுப்பதும், லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுப்பதும் அதுதான். கைத்தொலைபேசியில் காசு முடிந்ததும் ஓர் இலக்கத்தை அழுத்தி 'லோன்' எடுக்கிறோமே, அதுவும் நுகர்வுக் கடன்தான். அடுத்த முறை ரீலோட் பண்ணும்போது கடனோடு சேர்த்து ஒரு சிறு கட்டணத்தையும் வெட்டிக்கொள்வார்கள். சிறு தொகை என்பதால் நாங்கள் கவனிப்பதில்லை.

ஆகவே கடன் வாங்காத பெண் எம்மத்தியில் இல்லை. "கடன் வாங்காதேங்கோ" என்று புத்தி சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அப்படிப் புத்தி சொல்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். நானும் மாதச் சம்பளக்காரிதான். அதனால் நான் விட்ட பிழையொன்றையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

தவணைக் கடனின் வரலாற்றைப் பார்த்தால் அது ஆரம்பத்திலேயே பெண்களைத் தேடி வந்த ஒன்று என்பது தெரியும். 1850களில் அமெரிக்காவில் ஒரு தையல் இயந்திரத்தின் விலை சாதாரண குடும்பமொன்று ஒரேயடியாகக் கொடுத்து வாங்கக்கூடிய விலையாக இருக்கவில்லை. 1856இல் சிங்கர் கம்பனியின் பங்காளியான எட்வர்ட் கிளார்க் என்பவர், சிறு தொகையை முதலில் கட்டிவிட்டு இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மிகுதியை மாதாமாதம் கட்டலாம் என்ற முறையை அறிமுகப்படுத்தினார். விற்பனை பெருகியது. 1877இல் அந்தக் கம்பனி இலங்கைக்கும் வந்தது. எங்களுடைய பாட்டிமார் காலத்து வீடுகளில் தென்னோலைப் பெட்டிக்கும் றங்குப்பெட்டிக்கும் பக்கத்தில் ஒரு கைமெசின் இருந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தையல் மெசின் ஒரு வீட்டுப் பொருள். அதேநேரம் உழைக்கிற பொருள். தைத்த காசிலேயே தவணையைக் கட்டலாம். இந்த இரட்டைத் தன்மையை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

2009இல் யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் நடந்தபோது எங்களுடைய சனம் அகப்பையிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. கதிரை இல்லை, கட்டில் இல்லை, பிள்ளை படிக்க மேசை இல்லை. ஏ-9 வீதி திறந்தபின் வங்கிகள் வந்தன, லீசிங் கம்பனிகள் வந்தன. ஒலிபெருக்கி கட்டிய லொறிகளில் தளபாடங்களும் மின்சாதனங்களும் வந்தன. அடையாள அட்டையும் இரண்டு பிணையும் இருந்தால் போதும் என்றார்கள். வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்டார்கள், கணவருடைய கையொப்பம் கேட்டார்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண் என்ன செய்வார்? விண்ணப்பப் படிவத்தில் 'திருமணமானவர்', 'திருமணமாகாதவர்', 'விதவை' என்று கட்டங்கள் இருக்கும். அவருக்கான கட்டம் அதில் இல்லை. காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்கச் சட்டத்தில் இடம் வந்ததே 2016இல்தான். அதற்கு முன்னர் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள். எத்தனையோ பேர் அதற்கு உடன்படவில்லை. அப்படியான பெண்களுக்கு லொறியில் வந்தவர்கள் மாத்திரமே கேள்வி கேட்காமல் கடன் கொடுத்தார்கள். பெண்கள் ஏன் வங்கியை விட்டுவிட்டுக் கூடிய வட்டிக்காரரிடம் போனார்கள் என்று கேட்கிறவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

இப்போது நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன்.

2014 மே மாதம். நான் பட்டப்படிப்பை முடித்து இந்த வேலைக்கு வந்து அதிக காலமில்லை. விசுவமடுவுக்கு அண்மையில் ஓர் அக்காவின் வீட்டுக்குக் களவிஜயம் போனேன். இரண்டு பிள்ளைகள், கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. அரைச்சுவர், மேலே தகரம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஒரு புத்தம்புதிய குளிர்சாதனப் பெட்டி. ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் தாளைக்கூட உரிக்காமல் வைத்திருந்தார். தவணைக்கு எடுத்தது என்றார். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் அல்லவா? அன்று மாலை அலுவலகக் கொப்பியில், "நுகர்வுக் கலாசாரத்தின் தாக்கம் காணப்படுகிறது. வீட்டுச் சுவர் பூர்த்தியாகாத நிலையில் ஆடம்பரப் பொருள் கொள்வனவு" என்று எழுதினேன். அந்தக் கொப்பி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துப் பாடசாலை விடுகிற நேரத்தில் அந்த வழியால் போனபோதுதான் விளங்கியது. வீட்டுப் படலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அக்கா ஐஸ்பக்கற் விற்றுக்கொண்டிருந்தார். காலையில் தயிர், பின்னேரம் பக்கத்து வீடுகளின் மீனை வைத்துக்கொடுத்தல் என்று அந்தப் பெட்டி ஓய்வில்லாமல் உழைத்தது. நான் ஆடம்பரம் என்று எழுதிய பொருள் அவருடைய தையல் மெசின்.

சரி, அப்படியென்றால் பிரச்சினை எங்கே வந்தது? மழையில் வந்தது.

எங்களுடைய பகுதியில் ஒக்ரோபர் கடைசியில் தொடங்கும் மழை டிசம்பர் வரை நிற்காது. மழைக்குள் யார் ஐஸ்பக்கற் வாங்குவார்கள்? டிசம்பரில் பாடசாலையும் விடுமுறை. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் வருமானம் விழுந்தது. ஆனால் தவணை விழவில்லை. கடைக்காரப் பொடியன் மாதம் 10ஆம் திகதி மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். 2015 ஜனவரியில் அக்கா கிழமைக் கடன் எடுத்தார். 20,000 ரூபா என்று பெயர். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று கழித்து 19,000 ரூபாவைக் கையில் கொடுத்தார்கள். கிழமைக்கு 1,000 ரூபாப்படி 25 கிழமை கட்டவேண்டும். அதில் 5,600 ரூபா இரண்டு தவணைக்குப் போனது. மிச்சம் அரிசிக்கும் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துக்கும் போனது. பிறகு அந்தக் கிழமைக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன். அதைக் கட்டத் தோடு அடகுக்குப் போனது. ஒரு ஷொப்பிங் பையில் நான்கு கடன் புத்தகங்கள் சேர்ந்தன.

2016 ஜனவரியில் ஒரு நாள் காலை அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மிஸ், லொறி வந்து நிக்குது. பிரிஜ்ஜை ஏத்தப் போகினமாம். மூண்டு மாசம் கட்டேல்ல எண்டுகினம். என்ன செய்ய?" என்று கேட்டார். நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். வெளியில் வந்து, "கையொப்பம் வைச்சிட்டீங்கள் அக்கா, என்ன செய்யிறது? குடுத்துவிடுங்கோ. ஒரு கடன் குறைஞ்ச மாதிரி இருக்கும்" என்று சொன்னேன். அவர் கொடுத்துவிட்டார். அதற்குள் இருந்த மற்றவர்களின் மீனை எடுத்து ஒரு வாளியில் போட்டுவிட்டு, ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

2017இல் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வளவாளராக வந்த சட்டத்தரணி 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். தவணை முறையில், அதாவது சட்டத்தின் மொழியில் 'வாடகைக் கொள்வனவு' முறையில் பொருட்களை விற்பது பற்றிய சட்டம் அது. இந்த முறையில் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கடைக்காரருடையது, நாங்கள் அதை வாடகைக்கு வைத்திருக்கிறோம் என்பதே அர்த்தம். ஆகவே இடைநடுவில் அதை விற்கவோ அடகு வைக்கவோ எமக்கு உரிமை இல்லை. ஆனால் கடைக்காரருக்கும் எல்லை உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். கைக்காசு விலை எவ்வளவு, தவணையில் மொத்த விலை எவ்வளவு, எத்தனை தவணை என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். விலையின் பெரும்பகுதியைக் கட்டி முடித்தவரிடமிருந்து நீதிமன்றத்துக்குப் போகாமல் தாங்களாகவே பொருளை ஏற்றிக்கொண்டு போகமுடியாது.

இதைக் கேட்டபோது எனக்கு அந்த லொறி ஞாபகம் வந்தது. அடுத்த நாளே அக்காவிடம் போனேன். அவர் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார். திண்ணையில் இருந்து இரண்டு பேருமாகக் கணக்குப் பார்த்தோம். ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. நான்கு இடத்தில் அவருடைய கையொப்பம்.

பெட்டியின் கைக்காசு விலை 48,000 ரூபா. முதலில் கட்டியது 6,000. மிகுதி 42,000 ரூபாவுக்கு "மாதம் நூற்றுக்கு இரண்டரைதான் அக்கா" என்று விற்பனைக்காரர் சொல்லியிருக்கிறார். 24 மாதம், மாதம் 2,800 ரூபா. அக்காவுக்குத் தெரிந்த இலக்கம் அந்த 2,800 மாத்திரமே. "மாசம் எவ்வளவு எண்டு கேட்டியள் எண்டால் நித்திரையிலயும் சொல்லுவன் மிஸ். மொத்தம் எவ்வளவு எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?" என்றார். 24 தடவை 2,800 என்றால் 67,200. முதலில் கட்டிய 6,000ஐயும் சேர்த்தால் 73,200. அதாவது 48,000 ரூபாப் பொருளுக்கு 25,200 ரூபா கூடுதலாக.

இனி அந்த 'நூற்றுக்கு இரண்டரை' என்ற கணக்கைப் பாருங்கள். இந்த இடத்தைச் சற்று மெதுவாக வாசியுங்கள், பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் கட்டும் 2,800 ரூபாவில் 1,750 ரூபா கடன் முதலுக்குப் போகிறது, 1,050 ரூபா வட்டிக்குப் போகிறது. முதல் மாதம் அவர் கொடுக்கவேண்டிய முதல் 42,000. அதற்கு 1,050 வட்டி என்றால் நூற்றுக்கு இரண்டரை சரிதான். ஆனால் பன்னிரண்டு மாதம் கட்டியபின் முதல் பாதியாகி 21,000 ஆகிவிட்டது. வட்டியோ அதே 1,050. இப்போது அது நூற்றுக்கு ஐந்து. கடைசி மாதத்தில் மிஞ்சியிருக்கும் முதல் வெறும் 1,750 ரூபா. அதற்கும் வட்டி 1,050 ரூபா! நூற்றுக்கு அறுபது. நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்ட காசுக்கும் கடைசிவரை வட்டி கட்டுகிறீர்கள். இதை 'நிலையான வட்டி' என்பார்கள். முதல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால் அக்கா கட்டியது மாதத்துக்கு நூற்றுக்கு நான்குக்கும் மேல், வருடத்துக்கு ஏறத்தாழ 50 வீதம். இரண்டரை என்று சொன்னது பொய்யுமில்லை, உண்மையுமில்லை.

லொறி வந்த அன்று அக்கா 19 தவணை கட்டியிருந்தார். முதலில் கொடுத்ததோடு சேர்த்து 59,200 ரூபா. கைக்காசுக்கு வாங்கியிருந்தால் கொடுத்திருக்கவேண்டிய விலையைவிட 11,200 ரூபா கூடுதலாகக் கட்டிவிட்டு, பெட்டியையும் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார்.

நான் சட்டத்தைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பற்றுச்சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப ஏன் மிஸ் அண்டைக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லமுடிந்தது. தெரியாது என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தெரியாமல் புத்தி சொன்னதுதான் என்னுடைய பிழை. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் போதும், வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் இலவசமாகவே ஆலோசனை சொல்வார்கள். எங்களுடைய அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை.

அன்றைக்கு இன்னொரு கணக்கும் பார்த்தோம். அதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், விடையை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கையில் 6,000 இருந்தது. மாதம் 2,800ஐக் கடைக்குக் கட்டாமல் சேர்த்திருந்தால் 15 மாதத்தில் 42,000 சேர்ந்திருக்கும், கைக்காசுக்கே பெட்டியை வாங்கியிருக்கலாம். ஆகவே கடன் வாங்கியதால் அவர் பெற்றது 15 மாதம் முந்திக் கிடைத்த பெட்டி. அதற்குக் கொடுத்த விலை 25,200 ரூபா. "பொறுத்திருந்தால் இலாபம் பாத்தீங்களே அக்கா" என்றேன். அவர் சிரித்தார். "அந்தப் பதினைஞ்சு மாசமும் நான் என்னத்தை வித்துச் சேர்க்கிறது மிஸ்? பெட்டி இருந்தபடியால்தானே ஐஸ் வித்தனான். வெயில் மாசத்தில கட்டையும் கட்டி வீட்டுச் செலவும் பாத்தனான். பெட்டி எடுத்தது பிழையில்லை. மழைக்குக் கட்டச் சொன்னதுதான் பிழை."

பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்திலும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித்தரவில்லை. தேவையா ஆடம்பரமா என்று பார்த்து நாங்கள் பெண்களைக் குற்றம் சொல்கிறோம். உண்மையில் பார்க்கவேண்டியது வேறு. காசு எந்த மாதத்தில் வருகிறது, தவணை எந்த மாதத்தில் போகிறது? கூலி வேலை, மீன், நெல், கச்சான், தையல் எதுவும் மாதத்துக்கு ஒரே அளவாக வருவதில்லை. தவணைக் கடனோ சம்பளக்காரருக்கென்று வெட்டித் தைத்த சட்டை. சந்திக் கடைக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சீனி பத்து ரூபா கூடத்தான், கொப்பியில் கடன் இருக்கும்வரை வேறு கடைக்குப் போகவும் முகமில்லை. அந்தப் பத்து ரூபாதான் வட்டி. ஆனால் "மழை விடட்டும் பிள்ளை, பிறகு பாப்பம்" என்று சொல்ல அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். கம்பனிக் கணினிக்கு அது தெரியாது.

கிழமைக் கடன் இதிலும் கடினமானது. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் வீட்டுக்குப் போகமுடியாமல் மாலைவரை இருந்த கூட்டங்களை நான் கண்டிருக்கிறேன். கம்பனிக்காரர் அதட்டத் தேவையில்லை, அயலட்டைப் பெண்களே ஒருவரையொருவர் அதட்டவேண்டி வந்தது. இடம்பெயர்ந்தபோதும் முகாமிலும் ஒன்றாக இருந்தவர்கள் பேசாமல் போனார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் வீதிக்கு இறங்கிய பிறகு, 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, மூன்று மாதமும் அதற்கு மேலும் நிலுவையில் இருந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முடிவெடுத்தது. நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பும் வந்தது. அவ்வருடம் செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிட வருபவர்கள் பெண்களிடம் பாலியல் ரீதியாக நடந்துகொள்வதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். எங்களுடைய பெண்கள் எங்களிடமே சொல்லத் தயங்கிய விடயம் அது. எங்கள் அக்காவின் கிழமைக் கடன்களில் ஒன்று தள்ளுபடியானது. மற்றதை அவர் அதற்கு முன்னரே தோட்டை விற்றுக் கட்டி முடித்திருந்தார். ஒழுங்காகக் கட்டியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருடைய மனக்குறை. எனக்கும் அது சரியாகப் படவில்லை.

இன்றைக்கு ஒரு பொருளைத் தவணைக்கு எடுக்கப் போகும் சகோதரிகள் கடையில் முதலில் கேட்கவேண்டியது கைக்காசு விலை. அது தெரியாமல் தவணை பற்றிப் பேசவே வேண்டாம். சிலர் சொல்ல மறுப்பார்கள், அல்லது "மாசம் இவ்வளவுதானே அக்கா" என்று பேச்சை மாற்றுவார்கள். அப்படியென்றால் எழும்பி வாருங்கள். பிறகு மாதக் கட்டை மாத எண்ணிக்கையால் பெருக்கி, முற்பணத்தையும் சேர்த்து அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள். கைத்தொலைபேசியில் கணக்கிடும் வசதி இருக்கிறது, வெட்கப்படவேண்டியதில்லை. பிந்தினால் தண்டம் எவ்வளவு, முந்திக் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பவற்றையும் கேளுங்கள். விளங்காத மொழியில் உள்ள தாளில் அங்கேயே கையொப்பம் வைக்கவேண்டாம். ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். பொருள் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கட்டவேண்டாம். அறவிட வரும் பொடியன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி.

பிணை கையொப்பம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுக்கும் கடன்களின் விபரம் கொழும்பில் உள்ள கடன் தகவல் பணியகத்தில் பதியப்படுகிறது. 'கிறிப்' என்று சொல்வார்களே, அதுதான். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பிணை நின்றவரின் பெயரும் அதில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி கட்டாத கடனுக்காக உங்களுடைய வீட்டுக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கட்டணம் செலுத்திப் பெற்றுப் பார்க்க வழியுண்டு.

முறைப்பாடு எங்கே செய்வது என்று பலர் கேட்கிறார்கள். கடன் தந்தது வங்கி, நிதிக் கம்பனி, லீசிங் கம்பனி என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நிதிச் சேவை பெறுவோரின் பாதுகாப்புக்கென 2023இல் மத்திய வங்கி ஒழுங்குவிதிகளையும் வெளியிட்டிருக்கிறது. கடையோடு பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. லொறி படலையில் நிற்கிறதென்றால் சட்ட உதவி ஆணைக்குழு. தொலைபேசியில் சில நிமிடத்தில் பணம் அனுப்பும் இணையக் கடன்காரர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்கள் உங்கள் தொலைபேசியில் உள்ள இலக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்டால், பிந்துகிற நாளில் உங்கள் பிள்ளையின் ஆசிரியைக்கும் அழைப்புப் போகக்கூடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அக்காவின் கதை மிச்சம் இருக்கிறது. 2019இல் அவரும் அயலில் உள்ள ஒன்பது பேரும் ஒரு சீட்டுத் தொடங்கினார்கள். ஆளுக்கு மாதம் 3,500 ரூபா, பத்துப் பேர், 35,000 ரூபா. கழிவு இல்லை, ஏலம் இல்லை, குலுக்கல் மாத்திரம். சீட்டிலும் ஆபத்து இருக்கிறது, முன்சீட்டை எடுத்துக்கொண்டு போனவர்களையும் காசோடு காணாமல் போன சீட்டுக்காரிகளையும் நாங்கள் அறிவோம். ஆனால் இந்தச் சீட்டில் ஒரு விசேடம். ஜனவரியில் தொடங்கி ஒக்ரோபரில் முடிகிறது. நவம்பர், டிசம்பரில் யாரும் கட்டுவதில்லை. இது அக்காவின் யோசனை. ஏழாவது மாதம் அவருக்கு விழுந்தது, ஒரு பாவித்த குளிர்சாதனப் பெட்டியைக் கைக்காசுக்கு வாங்கினார். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியபோது ஐந்து மாதம் அதை நிறுத்தி வைத்திருந்தார். பிள்ளைகளின் உடுப்பை அதற்குள் அடுக்கியிருந்ததை நான் கண்டேன். தவணை இல்லாதபடியால் நிறுத்தி வைக்க முடிந்தது என்றார். இப்போது மறுபடியும் ஐஸ்பக்கற் விற்கிறார்.

கடந்த மாதக் கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கரும்பலகையில் நான் எழுதிய கணக்கை அவர்தான் விளங்கப்படுத்தினார், என்னைவிட விரைவாக. கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அந்தப் பின்வரிசை அம்மா அவரிடம் வந்து, "பிள்ளை, உங்கடை மழைச் சீட்டில இடம் இருக்கோ?" என்று கேட்டார். பத்துப் பேரும் நிரம்பிவிட்டதாம். ஜனவரியில் இரண்டாவது சீட்டுத் தொடங்க ஆள் சேர்க்கிறார்கள், இதுவரை ஆறு பேர்.